சவரிமுத்து எடுத்த பட்டியல்

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பது.

மலைமேல் இருக்கும் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சீட்டுப் பதியும் ஜன்னலில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த சவரிமுத்து, "எனக்கும் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதச் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்று ஒருநாள் போய் நின்றார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டைப் அடிக்கத் தெரியுமாண்ணா?"

"ரெண்டு விரல்ல அடிப்பேன்."

"ரெண்டு போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

அங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு அனுப்புமுன் காது கேட்கிறதா என்று ஒரு சோதனை செய்வார்கள். முடிவு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் மாதங்கள். மாதத்தைத் திறந்தால் தேதிகள். தேதியைத் திறந்தால் தாய்மார்களின் பெயர்கள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்களே, அதனால் கோகிலவாணி குழந்தை, அந்தோணியம்மாள் குழந்தை என்றுதான் பதிவு.

முதல் சோதனையில் தேறாத குழந்தையை மூன்று மாதத்துக்குள் திரும்ப வரவழைத்துப் பார்த்தாக வேண்டும். தள்ளிப் போகப் போக, அந்தக் குழந்தைக்குப் பேச்சு வருவதும் தள்ளிப் போகும். காது டாக்டர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் மலையேறி வருவார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டி எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், பட்டியலில் இருக்கிற தாய்மார்களை ஏற்றி வரும். பட்டியலில் இல்லாத வீட்டு வாசலில் வண்டி நிற்காது.

அந்தப் பட்டியலை எடுக்கிற புரோகிராமை இந்த மாதம் சவரிமுத்து எழுதினார். ஃபோல்டருக்குள் நுழைய வேண்டும், அதற்குள் இன்னொன்று இருந்தால் அதற்குள்ளும் நுழைய வேண்டும், அடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறி அடுத்ததற்குப் போக வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம். போன வாரம் அவர் எழுதியது உள்ளே போனது, மூன்று மணி நேரம் வெளியே வரவே இல்லை. யாரோ ஒரு மாத ஃபோல்டருக்குள் வருஷ ஃபோல்டருக்கே திரும்புகிற குறுக்குவழி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"பாவம், வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது" என்று சிஸ்டர் அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அது அரை நிமிஷத்தில் போய்விட்டு வந்தது. சவரிமுத்து காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏழு பேர் சிஸ்டர். மத்த பிள்ளைங்க எல்லாம் தேறிடுச்சு. டிரைவர்கிட்ட குடுத்துரட்டுமா?"

"மத்த பிள்ளைங்க தேறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எல்லா ஃபோல்டருக்குள்ளயும் போய்ட்டு வந்துருச்சே."

"போயிட்டு வந்துச்சா?"

"கடைசி வரைக்கும் போச்சு சிஸ்டர். ஒரு தப்புகூடக் காட்டலை."

சிஸ்டர் காகிதத்தை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணா, ஒரு உதவி. குளிர் ஜாஸ்தியா இருக்கு. பிரசவ வார்டுல எந்தக் குழந்தையாவது தொப்பி போடாம இருக்கான்னு பார்த்துட்டு வாங்களேன்."

சவரிமுத்துவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைத்து எழுதியதற்கு ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா? ஆனாலும் போனார். பத்து நிமிஷத்தில் முகம் மலர்ந்து திரும்பினார். கைக்குழந்தைகளைப் பார்த்துவிட்டு யார்தான் கோபமாக வர முடியும்?

"பதினோரு பிள்ளைங்க சிஸ்டர். எல்லாத் தலையிலயும் தொப்பி இருக்கு. ரெண்டாம் ரூம்ல ஒண்ணு கொட்டாவி விடுது பாருங்க, அவ்வளவு பெரிய கொட்டாவி."

"வார்டுல எத்தனை ரூம்?"

"ஆறு."

"ஆறுக்குள்ளயும் போனீங்களா?"

"நாலாவது சாத்தியிருந்துச்சு. உள்ள பால் குடுக்கறாங்கன்னு ஆயா சொன்னாங்க. ஆம்பளை எப்படிப் போறது? தாண்டி வந்துட்டேன்."

"தாண்டி வந்ததுதான் சரி" என்றாள் சிஸ்டர். "அந்தப் பிள்ளை தலையில தொப்பி இருக்கா?"

சவரிமுத்து மெதுவாகத் திரும்பி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதுவும் அப்படித் தாண்டி வந்திருக்குமா சிஸ்டர்?"

"திறக்க முடியலைன்னா சத்தம் போடாம அடுத்ததுக்குப் போயிடும். அதோட பழக்கம் அப்படி. என்ன செய்யணும்னு நாமதான் சொல்லி அனுப்பணும். சொல்றதுக்கு ஒரு இடம் இருக்கு. நீங்க அதைக் காலியா விட்டிருக்கீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு விரலால் ஒரு வரி சேர்த்தார். ஓட விட்டார்.

ஏழு பெயர்கள் வந்தன. எட்டாவதாக வந்தது பெயரில்லை. ஒரு தேதி. பக்கத்தில் 'திறக்கவில்லை' என்று இருந்தது.

பிப்ரவரி பன்னிரண்டு. அன்றைக்கு மெஷின் கெட்டுப்போய், ரிப்பேர் பார்க்க வந்தவர் அந்த ஒரு நாளை மட்டும் தன் பெயரில் காப்பி எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வேறு யாராலும் அதைத் திறக்க முடியாது. சிஸ்டர் தன்னிடமிருந்த, எல்லாவற்றையும் திறக்கும் பெரிய பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தாள்.

உள்ளே நான்கு குழந்தைகள். மூன்று தேறியிருந்தன.

'கோகிலவாணி குழந்தை. எஸ்டேட் மேல் டிவிஷன். இரண்டு காதும் மறுபடி பார்க்க வேண்டும்.'

சவரிமுத்து விரல் விட்டு எண்ணினார். எண்பது நாள் ஆகியிருந்தது. இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்த மாதம். அதற்குள் மூன்று மாதம் தாண்டிவிடும்.

"நான் டிரைவர் கையில குடுத்திருப்பேன் சிஸ்டர். எல்லாம் தேறிடுச்சுன்னு வாயால வேற சொன்னேன்."

"போன் நம்பர் கீழே இருக்குண்ணா. போடுங்க."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். இளம் பெண் குரல்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன்மா. உன் பிள்ளைக்குக் காது சோதனை மறுபடி பார்க்கணும். வெள்ளிக்கிழமை காலையில வண்டி வரும், வந்துருறியா?"

அந்தப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா, கதவு டமார்னு அடிச்சாலும் அவன் திரும்ப மாட்டேங்கறான். நான் சொன்னேன்யா. யாரும் கேக்கலை. அத்தை திட்டுது, உனக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு, பிள்ளைக்கு ஒண்ணுமில்லைங்குது. அவரும் ஒண்ணுமில்லைங்கறாரு. எல்லாரும் தூங்கினப்புறம் நான் தட்டுல கரண்டியால தட்டித் தட்டிப் பார்ப்பேன். அவன் என் மூஞ்சியையே பார்த்துச் சிரிச்சுட்டுக் கிடப்பான்." அவள் அழ ஆரம்பித்தாள். "ஐயா, நீங்க ஆஸ்பத்திரிக்காரங்க. நீங்க சொன்னா நம்புவேன். என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லைதானே?"

சீட்டு ஜன்னலில் அந்தக் கேள்வி சவரிமுத்து காதில் விழாத நாளே இல்லை. ஒண்ணுமில்லம்மா, பயப்படாதே என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாரோ. இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு சிஸ்டர். ரொம்ப அழுவுது. மனசு கேக்கலை. ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லிரட்டுமா?"

சிஸ்டர் ஜெசிந்தா பட்டியலின் அடியில் கோகிலவாணியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் பார்க்கலைன்னு சொல்லுங்கண்ணா. பார்க்கும்போது நீங்க பக்கத்துலயே இருப்பீங்கன்னும் சொல்லுங்க."