அடுப்பு குளிர்ந்த பிறகு

வடிவம்மையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சோற்று வரிசையில்.

மடத்துக்குத் தலைவி அவர். ஆனாலும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பாதயாத்திரைக்காரர்களுக்கெல்லாம் பின்னால், கடைசி ஆளாக வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். தினமும் அப்படித்தான் நிற்பார்.

நான் பக்கத்தில் போனேன்.

"அடுப்பு குளிர்ந்துட்டா அண்ணாச்சி?"

"குளிர்ந்துட்டும்மா."

"கையை வச்சுப் பாத்தியளா?"

"வச்சுப் பாத்தேன்."

சிரித்தார். வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சற்றுப் படுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் எனக்குக் குரு அவர். எப்படி என்று யாராவது கேட்டால் நான் வெயிலில் நின்ற ஒரு நாளைச் சொல்வேன்.

*

எங்கள் மடம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களின் பாதையில் இருக்கிறது. வருகிறவர்களுக்குச் சோறு போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

மடத்தைத் தொடங்கிய பெரியவர், சமையலறையின் கிழக்கு மூலையில் ஓர் அடுப்பைத் தனியாக மூட்டினார். பசித்து வருகிறவனுக்கு நேரம் காலம் கிடையாது, இது அணையக்கூடாது என்றார். மற்ற அடுப்புகள் பந்தியோடு ஓய்ந்துவிடும். இதன்மேல் மட்டும் எப்போதும் ஒரு கஞ்சிப் பானை இருக்கும். பகலும் இரவும் விறகு எரியும்.

ஒரு பஞ்ச காலத்தில் நானும் என் மனைவி உலகம்மாளும் இந்த வழியாக வந்தோம். பந்தி முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். அவளால் நிற்க முடியவில்லை, படியிலேயே சாய்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து யாரோ அந்தப் பானைக் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உசுரு வந்துட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தோம். அவள் போன பிறகு நான் இந்த மடத்துக்கு வந்து, அந்த அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது எரிகிறவரை அவள் ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

*

முன்பெல்லாம் தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு நடுங்கி வருவார்கள். அந்த வருஷம் வேர்த்து வழிந்து வந்தார்கள். தையிலேயே சித்திரை வெயில். ஐப்பசி மழை கார்த்திகை தாண்டி வந்து, ஒரே மூச்சாகக் கொட்டிவிட்டு ஓடைவழி போய்விட்டது.

வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள்.

வடிவம்மை ஓடிவந்து அவள் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். அவள் எழுந்து சாப்பிட்டுப் போன பிறகும், அம்மை அந்தச் சுடுமண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இந்த இடத்துல முன்னால மரம் நின்னுச்சாமே அண்ணாச்சி."

"ஆமாம்மா. வாகை, புளி, வேம்பு. வாசல் பூரா நிழலாக் கிடக்கும்."

"எங்க போச்சு?"

"விறகு கிடைக்காத வருசம் வெட்டுனாவ. நீங்க வர்றதுக்கு முந்தி."

"மரம் வெட்டுனது தெரியும். நிழல் எங்க போச்சு?"

"அடுப்புக்குள்ள போச்சும்மா."

அவர் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

*

அன்று பந்தி முடிந்ததும் அடுப்படிக்கு வந்தார். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப யாருக்கு எரியுது?"

"யாராவது வந்தா வேணும்லா."

"யாரும் வராதப்போ?"

"அப்பவும் எரியணும். பெரியவர் சொல்லு அது."

"என்ன சொன்னாரு?"

"அணையக்கூடாதுன்னு சொன்னாரு."

"எது?"

நான் அடுப்பைக் காட்டினேன்.

அவர் வாசலைப் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கரண்டி பால் ஊத்தி இதைக் குளிர வச்சிரலாமா அண்ணாச்சி?"

சாமித் தீயை ஊதக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. பால்தான் ஊற்ற வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் பால் என்றதும் தள்ளிக்கொண்டிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டேன்.

"அம்மா, நான் பால் ஊத்திக் குளிர வச்சது ஒரே ஒரு தீதான். சுடுகாட்டுல. மறுநாள் காலையில. இந்தக் கை இன்னொரு தடவை ஊத்தாது."

மடத்தின் தலைமைச் சமையல்காரரை நாங்கள் தவசுப்பிள்ளை என்போம். அப்போது பூதலிங்கம் இருந்தார். என் வயதுக்காரர், வாய்த் துடுக்கு. அண்டாவைத் தேய்த்துக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னார்.

"விட்டுருங்கம்மா. இந்த அடுப்பு அணைஞ்சா கொம்பையா ரெண்டாந்தடவை மொட்டை போடுவாரு."

"நீரு உம்ம அண்டாவைப் பாரும் வே," என்றேன்.

"அண்டா தெரிஞ்சாத்தான பாக்க. உம்ம புகையில என் கண்ணு போயி நாளாச்சு."

வடிவம்மை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"சரி அண்ணாச்சி. உங்க கை ஊத்த வேண்டாம். வேற கையும் ஊத்தாது."

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஆனா நாளைக்கு அடுப்படிக்கு வராதிய. வரிசையில நில்லுங்க."

"அடுப்பு?"

"தவசுப்பிள்ளை பாத்துக்கிடுவாரு. நீங்க கடைசியில நிக்கணும். கடைசி ஆளா."

*

மறுநாள் போய் நின்றேன். கடைசி ஆளாக.

பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. நான் கடைசி ஆளாக நிற்க வேண்டுமே. விலகி அவர்களை முன்னே விட்டேன். அவர்கள் நின்றதும் இன்னொரு குடும்பம் வந்தது. அவர்களையும் விட்டேன். வரிசை முன்னால் போகப் போக நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

செருப்பை மடத்து வாசலிலேயே விட்டிருந்தேன். அதை எடுக்கப் போனால் இடம் போய்விடும். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

எனக்கு முன்னால் சாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நின்றார். நெடுநெடுவென்று உயரம். திரும்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, கரகம் ஆடுதீரு?"

"கால் சுடுது."

"நடக்கும்போது சுடாது. சாமி ஞாபகத்துல போயிருவோம். சோத்துக்கு நிக்கும்போதுதான் சுடும்." சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நின்றார். அவருடைய நிழல் என் கால்மேல் விழுந்தது. "நில்லும். எனக்கு என்ன, அது சும்மா கிடக்கிறதுதான."

நின்றேன். அவர் நகர்ந்தபோது நிழலோடு நகர்ந்தேன்.

சமையலறைக் கூரையில் புகை எழுந்தது. அடுப்பின் பக்கத்திலேயே இருந்த எனக்கு அதை வெளியிலிருந்து பார்க்க வாய்த்ததில்லை. சாத்தூர்க்காரரும் பார்த்தார்.

"நல்ல விறகு போல," என்றார்.

அவர் உள்ளே போனார். அடுத்தது நான். கதவருகே போனபோது பரிமாறுகிறவர் கையை விரித்தார்.

"தீந்துட்டு அண்ணாச்சி. கடைசிப் பந்தி."

படியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் சாய்ந்தும்விட்டேன். உலகம்மாள் சாய்ந்த படி அதுதான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

*

பொழுது மேற்கே இறங்கிய பிறகு வடிவம்மை வந்தார்.

"சாப்பிட்டியளா?"

"தீந்துட்டுன்னுட்டாவ."

"வாங்க."

சமையலறைக்குள் கூட்டிப்போனார். நான் கிழக்கு மூலையைப் பார்த்தேன். புகை இல்லை. அடுப்பின்மேல் பானையும் இல்லை. சாம்பலுக்குள் ஒரே ஒரு கங்கு, பாக்கு அளவுக்குச் சிவந்து கிடந்தது.

"பூதலிங்கம், என்ன வே இது?"

"பந்தி வேலையில மறந்துட்டேன் வே." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விறகுக் குவியலுக்குப் போகத் திரும்பினேன். கால் வரவில்லை. பசி.

"உக்காருங்க அண்ணாச்சி. விறகு எங்கயும் போயிராது," என்றார் வடிவம்மை.

சுவரோரம் ஒரு பெரிய கடகப் பெட்டி இருந்தது. பனையோலையில் முடைந்தது. அதற்கு மேலே சாக்கு. சாக்கை எடுத்தார். உள்ளே வைக்கோல், கெட்டியாகப் புரி முறுக்கி வைத்திருந்தது. புரியை விலக்கினார். நடுவில், கூட்டுக்குள் குருவி முட்டை மாதிரி, ஒரு பானை உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்தார்.

ஆவி அடித்தது.

கும்பாவில் ஊற்றிக் கையில் கொடுத்தார். பசி வேகத்தில் அப்படியே வாயில் வைத்தேன். நாக்கு வெந்தது. எடுத்து ஊதினேன். ஊதிக் குடித்தேன். மறுபடியும் ஊதினேன்.

ஊதிக்கொண்டிருந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கும்பாவைக் கீழே வைத்தேன்.

"எப்ப இறக்குனது இது?"

"விடியவும் இறக்குனது. ஒரு கொதி வந்ததும் பெட்டிக்குள்ள வச்சாச்சு."

"அதுக்கப்புறம் தீ?"

"இல்ல."

"இவ்வளவு நேரமும்?"

"குடிங்க. ஆறிரும்."

குடித்து முடித்தேன். உடம்பு வேர்த்தது. கண்ணும்.

வடிவம்மை பானையை மூடினார். புரியைச் சுற்றினார். சாக்கைப் போட்டார். பிறகு, எப்போதோ நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்திருந்தாரோ என்னவோ, கேட்டார்.

"உசுரு வந்துட்டா அண்ணாச்சி?"

நான் கங்கைப் பார்த்தேன். விறகுக் குவியலைப் பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியாக, காலையிலிருந்து நான் நின்ற இடத்தைப் பார்த்தேன்.

"பால் இருக்காம்மா?" என்றேன்.

*

ஒரு கரண்டிதான் கொடுத்தார். மிச்சம் காப்பிக்கு வேண்டும் என்றார்.

மறுநாள் விடியற்காலையில் பூதலிங்கம் தீப்பெட்டியை உரசி அந்த அடுப்பை மூட்டினார். "பாத்தியா வே, பெரியவர் தீப்பெட்டிக்குள்ள வந்துட்டாரு," என்றார். கஞ்சி ஒரு கொதி வந்தது. பெட்டிக்குள் போனது. அடுப்பு குளிர்ந்தது. மிஞ்சிய விறகு அடுத்த பூசம் வரை வந்தது.

சாம்பலை அள்ளி வாசலில் குழி தோண்டிப் போட்டோம். அதில் வேப்பங்கன்று வைத்தோம். வைத்துவிட்டோமே தவிர தண்ணீர் இல்லை. மடத்துக் கிணறு சமையலுக்கே காணாது.

எதிர்ச் சாரியில் பள்ளிவாசல். அங்கே பாங்கு சொல்கிற மோதினார் மீரான் பாய். வாடுகிற கன்றுகளை ரெண்டு நாள் பார்த்தவர், மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"அம்மா, தொழுகைக்கு முந்தி நாங்க கைகால் கழுவி ஒளுச் செய்யிற தண்ணி சும்மா சாக்கடைக்குத்தான் போவுது. ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் விட்டா இந்தப் பக்கம் வந்துரும். விடட்டுமா?"

வடிவம்மை கும்பிட்டார்.

பூதலிங்கம்தான் பேசினார். "பாய், எங்க வேம்பு அஞ்சு வேளை குளிக்கப் போவுதுன்னு சொல்லும்."

"அதுக்காவது புத்தி வரட்டும் வே," என்றார் மீரான் பாய்.

அந்த ரமலானுக்கு அவர் வந்து கடகப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். நோன்புக் கஞ்சி மத்தியானமே இறங்கி, பாங்கு சொல்லும்வரை சூடாக இருந்தது. மேற்கே இருக்கிற சர்ச்சில் அசன விருந்துக்குச் சமைக்கிறவர்களும் வந்தார்கள். வடிவம்மை தரையில் உட்கார்ந்து, அவர்களுக்கு வைக்கோல் புரி முறுக்கிக் காட்டினார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று வாயால் சொல்ல முடியாது, கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும் என்பார்.

என் கையையும் அப்படித்தான் பிடித்துக் காட்டினார்.

கன்றுகள் தழைத்தன. கிளை விட்டன. வடிவம்மை தட்டோடு கடைசியில் நின்றபோது, அவர் தலைக்கு மேலேயும் நிழல் இருந்தது. அதை நான் பார்த்தேன். அந்த மட்டுக்கும் எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

*

பூதலிங்கம் இப்போது இல்லை. மீரான் பாயும் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது.

வைக்கோலை அறுப்புக்கு அறுப்பு மாற்றிவிடுகிறோம். கடகப் பெட்டி அதேதான். விடியற்காலையில் இறக்கிய பானை அதற்குள் இருக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது. இப்போதுதான் சாக்கை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தேன்.

சுடுகிறது.