சம்பங்கிக் கிழங்கும் நரிவெங்காயமும்

முன்னொரு காலத்தில், சிரிக்காமல் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் சாத்தப்பன் என்றொரு விகடன் இருந்தான். பாவம், அவனுக்குத்தான் சில மாதங்களாகச் சோறு இறங்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், மாமனார் ஊரில், அவன் மனைவி செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்து, அது தவழவும் தொடங்கிவிட்டது. அவன் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போக அனுமதி கேட்டால், "நீ போய்விட்டால் எம்மைச் சிரிக்க வைப்பது யார்?" என்பார் ராஜா. பிரியமாகத்தான் சொல்வார். அந்தப் பிரியத்தைத் தூக்கி அடுப்பில்தான் போட வேண்டும்.

மந்திரி உத்தண்டராயருக்கோ சாத்தப்பனைக் கண்டாலே வயிறு எரியும். அந்தச் சமயத்தில் அரண்மனைத் தோட்டத்தில் நடுவதற்கு வந்த நிலச்சம்பங்கிக் கிழங்குகளோடு நரிவெங்காயமும் கலந்துவிட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று பூத்தால் தோட்டமே மணக்கும், மற்றது விஷம். கிடைத்த வாய்ப்பை மந்திரி விடுவாரா?

"மகாராஜா, அறிவாளி என்று பெயரெடுத்த சாத்தப்பன் இவற்றைப் பிரித்துச் சொல்லட்டும். கத்தி படக் கூடாது, மண்ணில் நடக் கூடாது, எவரையும் கேட்கக் கூடாது. தவறினால் இன்றே தலைநகரை விட்டு வெளியேற வேண்டும்."

"அவன் தோற்க மாட்டான். அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கூடை வந்தது. சாத்தப்பன் ஒரு கிழங்கை எடுத்தான். நகத்தால் லேசாகக் கீறி மணிக்கட்டில் தேய்த்தான். சற்றுப் பொறுத்து, "சம்பங்கி" என்றான். தோட்டக்காரர் அதை வாங்கி வெட்டிப் பார்த்து, "இது நரிவெங்காயம்" என்றார். அடுத்ததை நரிவெங்காயம் என்றான். அது சம்பங்கியாக இருந்தது. கூடையின் அடி தெரியும்வரை இதே கதைதான். ஒன்றுகூடச் சரியில்லை. மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

ராஜா மட்டும் யோசனையில் இருந்தார். "சாத்தப்பா, தெரியாதவன் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாக வரும். எல்லாவற்றையும் தவறாகச் சொல்ல, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்."

சாத்தப்பன் கையை நீட்டினான். மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. "நரிவெங்காயத்தின் சாறு பட்டால் அரிக்கும், மகாராஜா. வென்றால் இங்கேயே இருக்க வேண்டும். தோற்றால் போகலாம். என் மகளைப் பார்க்க அடியேனுக்கு வேறு வழி தெரியவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. "தோற்றதற்குத் தண்டனை, இன்றே வெளியேறு. பிரித்து அறிந்ததற்குப் பரிசு, என் பல்லக்கு. திரும்பி வரும்போது அதில் மூன்று பேர் இருக்க வேண்டும். பல்லக்கை ஏற்பாடு செய்யும், உத்தண்டராயரே." மந்திரி முகத்தில் ஈயாடவில்லை.

மாமனார் வீட்டு வாசலில் இறங்கியதும் சாத்தப்பன் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். குழந்தை அவனைப் பார்த்து வீரிட்டு அழுது, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"புது முகம்ல, அதான். போகப் போகப் பழகிடுவா" என்றாள் செங்கமலம்.

சபையையே சிரிக்க வைத்தவனுக்கு அப்போது ஒரு வித்தையும் நினைவுக்கு வரவில்லை. மகள் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே காத்து நின்றான்.