ஒரு கையில் ஏந்துகிற லேப்டாப்

பிலோமினா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். தினமும் மின்சார ரயிலில் நின்றபடியே போகும்போது, ஆறு வருஷமாக ஒரு கதை அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை ரயிலிலேயே எழுதிவிட வேண்டுமென்று, விலை குறைந்த, லேசான லேப்டாப் கேட்டுத் தணிகாசலத்தின் கடைக்கு வந்தாள்.

தணிகாசலம் பெரிய லேப்டாப் ஒன்றை நீட்டினார். "லேசானதெல்லாம் விளையாட்டுச் சாமான்மா. இதெல்லாம் ஒரு கனமா? ஆமா, உனக்குக் கதையெல்லாம் வருமா? எங்கே, ஒண்ணு சொல்லு!"

"சொல்றேன் சார். முடியிறவரைக்கும் இதை ஒரு கையிலேயே ஏந்திக்கிட்டு நில்லுங்க. ரயில்ல நான் அப்படி நின்னுதான் எழுதணும்."

அவர் சிரித்துக்கொண்டே ஏந்தினார்.

"புயலடிச்ச மறுநாள் ஒரு படகு கரை ஒதுங்குச்சு. ஓட்டி வந்த ஆளைக் காணோம். உள்ளே தொட்டில்ல ஒரு குழந்தை முழிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு..."

ஆறு வருஷ ஏக்கமும் அவள் குரலில் இறங்கியது. படகைப் பார்க்க ஊரே ஓடிவந்ததைச் சொல்வதற்குள் அவர் கை வலி பொறுக்காமல் லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டார். அவளும் கதையை நிறுத்திவிட்டாள்.

தணிகாசலம் உள்ளே போய்ச் சின்ன லேப்டாப் ஒன்றை எடுத்துவந்தார். விலையும் அவளுக்குக் கட்டுப்படியானது. அதை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் மெல்லத் தடவினாள்.

பில் போடும்போது அவருக்கு ஆவல் தாங்கவில்லை. "அந்தக் குழந்தை யாரோடதும்மா?"

"எழுதினாத்தான் சார் எனக்கே தெரியும்."