பக்கத்தில் நின்றவன்

விஷக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் சிலம்பப் போட்டியை நிறுத்த மாட்டேன் என்றார் ஜமீன்தார். ஊரே வர வேண்டும். யாராவது இருமினால், இருமியவனும் அவன் பக்கத்தில் நின்றவனும் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்.

போட்டியன்று பந்தலில் அவருக்கு விசிறி வீசிய வெயிலாண்டி மூச்சையே பயந்து பயந்து விட்டான். கூட்டம் வாயைப் பொத்தியபடி நின்றது.

திடீரென்று ஓர் இருமல். இருமியவர் ஜமீன்தார். காவலாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெயிலாண்டி விசிறியைக் கீழே வைத்துவிட்டு நடந்தான்.

"எங்கடா போறே?"

"எல்லைக்கு வெளியே, எசமான். பக்கத்துல நின்னுட்டேனே. உங்க உத்தரவுதான்."

ஜமீன்தார் அதட்ட வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்று ஒரு காவலாள் ஈட்டியைப் பந்தல்காலில் சாய்த்துவிட்டுக் கிளம்பினான்.

எல்லைக்கல்லைத் தாண்டி வெயிலாண்டி திரும்பிப் பார்த்தான். ஒருவரையொருவர் தொடாமல் ஊரே பின்னால் வந்துகொண்டிருந்தது. பந்தலில் ஒற்றை இருமல் மட்டும் கேட்டது.