நெற்றியை விரித்தார்

பாளையங்கோட்டையில் ஒரு கன்னியர் மடம். அங்கே சிஸ்டர் ஹிலாரியா இலத்தீன் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படிக்க வந்தவர் சவரிமுத்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிஸ்டரைவிட வயதில் மிகவும் மூத்தவர். அவர் நெற்றியைச் சுருக்கினால் பள்ளிக்கூடமே அடங்கிப்போகும் என்பார்கள். மகள் ரெஜினா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சில்லை.

ஒரு நாள் காலை, பாடத்தின் நடுவில் நிறுத்தினார்.

“இலத்தீனில் முகமே பாதி பேசிவிடுகிறது சிஸ்டர். புருவத்தைத் தூக்கினால் கர்வம். மூக்கைச் சுளித்தால் கேலி. நெற்றியைச் சுருக்கினால் கோபம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.”

“எது புரியவில்லை?”

“இந்தக் கதையில் ஒரு கிழவர் நெற்றியை விரிக்கிறார். நெற்றியை எப்படி விரிப்பது? பாயா அது?”

சிஸ்டர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

“கொஞ்சம் பிடியுங்கள் சார்.”

மடியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

சவரிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் நெற்றியைச் சுருக்கிக் குழந்தையை முறைத்தார். அது கெக்கெக்கே என்று சிரித்தது. இன்னும் பலமாக முறைத்தார். இன்னும் பலமாகச் சிரித்தது. கையை நீட்டி அவருடைய புருவத்தைப் பிடித்து இழுத்தது.

“விடு கழுதை, வலிக்குது” என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“யார் வீட்டுப் பிள்ளை சிஸ்டர்?”

சிஸ்டர் வாசலைக் காட்டினார்.

ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றது. எழுந்திருக்கப் போனார். குழந்தை புருவத்தை விட்டபாடில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.



“சிஸ்டர்,” என்றார் மெதுவாக, “என் நெற்றி இப்போது எப்படி இருக்கிறது?”

“என்னைக் கேட்டால்? சின்ன வயசிலிருந்து அதை வாசித்தவள் அங்கே நிற்கிறாள்.”

அவர் தலையை உயர்த்தி மகளைப் பார்த்தார்.

ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.