அண்ணனுக்காக நின்ற மாப்பிள்ளை

ஐரோப்பாவில் அரசர்கள் சலிக்கும் வரை சண்டை போட்டு, சலித்தபின் சம்பந்தம் செய்துகொண்ட காலம் அது. மொரானா நாட்டுக்கும் தெர்வால் நாட்டுக்கும் இரண்டு தலைமுறைப் பகை. ஒருவழியாக உடன்படிக்கை ஏற்பட்டது. தெர்வால் இளவரசி இசபோவை மொரானா அரசருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு இரு படைகளும் எல்லையை விட்டு விலகிவிட வேண்டும்.

பேசி முடித்தவன் மொரானா அரசர் ரினால்தோவின் தம்பி ஓதாவியோ. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த பட்டம் தம்பிக்குத்தான். அவனுக்கோ பட்டத்தின் மேல் கண் இல்லை. பேச்சு இழுத்தடித்த குளிர்காலம் முழுக்க இசபோவோடு சதுரங்கம் ஆடி, தோற்றுத் தோற்றே மனத்தைப் பறிகொடுத்திருந்தான். சின்ன வயதில் அவனுடைய குதிரையை அண்ணன் எடுத்துக்கொண்டார். பிறகு அவன் பழக்கிய வேட்டைப் பருந்தை. இப்போது இவளையும். வயிறு எரிந்தது அவனுக்கு.

போதாக்குறைக்கு ஒரு வழக்கம் வேறு. பெண் எடுக்க அரசர் அயல்நாடு போகமாட்டார். நம்பிக்கையான ஒருவர் மாப்பிள்ளை இடத்தில் நின்று, அரசர் பெயரால் உறுதி சொன்னால் கல்யாணம் செல்லும். "உன்னைவிட எனக்கு வேண்டியவன் யார்? நீயே நில்" என்று அனுப்பிவிட்டார் அண்ணன்.

தெர்வால் தேவாலயத்தில் கல்யாணத்தை நடத்திய ஆயர் உறுதிமொழி கேட்டார். "அரசர் ரினால்தோவுக்காக" என்று தொடங்க வேண்டியவன், வெண்பட்டில் நின்ற இசபோவைப் பார்த்தான். அவள் கையை அண்ணன் பிடிப்பார் என்ற நினைப்பே அவனுக்குத் தாங்கவில்லை.

"ஓதாவியோவாகிய நான், எனக்காகவே, இவளை மனைவியாக ஏற்கிறேன்."

எல்லையில் படைகள் நிற்பது இசபோவுக்குத் தெரியும். குரல் நடுங்காமல் சொன்னாள்: "அரசர் ரினால்தோவை நான் கணவராக ஏற்கிறேன்."

அவள் தந்தை, தெர்வால் அரசர் திபோ, வாளை உருவிவிட்டார். அந்த நேரம் பார்த்து மொரானாவிலிருந்து ஒரு வீரன் ஓடிவந்து ஓதாவியோவின் முன் மண்டியிட்டான்.

"அரசே! முந்தாநாள் உங்கள் அண்ணன் காய்ச்சலில் காலமாகிவிட்டார்."

திபோ வாளை உறையில் போட்டார். "பிறகென்ன? மொரானா அரசர்தானே என் மகளை ஏற்றிருக்கிறார்! கல்யாணம் முடிந்தது."

"இல்லை. அவள் சொன்னது ரினால்தோவின் பெயரை. அவருடைய விதவை அவள்" என்றார் ஆயர்.

இவ்வளவும் கேட்டுவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள்: இசபோ ஓதாவியோவின் மனைவியா, ரினால்தோவின் விதவையா, இல்லை இன்னும் மணமாகாதவளா?

விடை: மணமாகாதவள்தான். செத்தவர் பெயரால் உறுதி சொல்ல யாராலும் முடியாது; ஓதாவியோ சொல்லவும் இல்லை. ஆகவே விதவை அல்ல. அவன் அவளை ஏற்றான். அவள் அவனை ஏற்கவில்லை. ஆகவே மனைவியும் அல்ல. அவளைப் புதிதாகக் கேட்டாக வேண்டும். ஓதாவியோ மண்டியிட்டுக் கேட்டான். "சம்மதம். படைகள் வீடு திரும்பட்டும். உங்கள் அண்ணனுக்குச் சம்மதம் சொன்னதும் அதற்காகத்தான்" என்றாள் இசபோ. படைகள் திரும்பின, சமாதானம் நிலைத்தது. ஆனால் அவள் முதலில் சொன்ன பெயர் அவன் காதை விட்டுப் போகவே இல்லை. செத்துப்போன அண்ணன்மேல் அவன் சாகும்வரை பொறாமைப்பட்டான்.