மூவாயிரத்து ஒன்றாவது எறும்பு

அந்தக் காலத்தில், அதாவது எறும்புக்குப் பேச்சும் மனுஷனுக்குப் பொறுமையும் இருந்த காலத்தில், எறும்புகள் வழியில் ஒன்றை ஒன்று கண்டால் நிற்காது. எதிரே வருவது அத்தையா சித்தியா என்று பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு வேலை, அவ்வளவு மிடுக்கு.

ஓர் இலுப்பைத் தோப்பின் ஓரத்தில் ஒரு புற்று இருந்தது. அதிலிருந்து தினமும் மூவாயிரத்து ஒரு பேர் இரை தேடிப் போய்வந்தார்கள். சாயங்காலம் வாசலில் நின்று அத்தனை பேரையும் எண்ணி உள்ளே விடுவது எண்ணாயியின் வேலை. எண்ணி முடித்ததும் வாசலை அடைப்பது மண்டையனின் வேலை. கதவு கிதவு ஒன்றும் கிடையாது, அவன் தலைதான் கதவு. வேலைக்கார எறும்பெல்லாம் பெண்தானே என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆண் வேலை பார்த்தான். அவன் பார்த்த வேலையும் ஓட்டையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான்.

எண்ணாயிக்கு ஒரு தங்கை, பெயர் பொடிச்சி. அக்காவுக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். அதனால் தோப்பின் கடைசி மரம் வரை போய், ஓர் இதழைத் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக வருவாள். இதழ் அவளைப்போல் இருபது மடங்கு கனம். கேட்டால் நாற்பது என்பாள்.

உள்ளே வந்ததும் இதழைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு இருவரும் கணக்கு விளையாடுவார்கள்.

"ஒம்பதை ஏழால பெருக்குக்கா."

"அறுபத்து மூணு."

"ஆறையும் மூணையும் கூட்டு."

"ஒம்பது."

"சரி, ஒம்பதை இருபத்து மூணால பெருக்கு."

"இருநூத்தி ஏழு. ரெண்டும் ஏழும்... அட, மறுபடி ஒம்பதுடீ!"

"எங்க அனுப்பினாலும் வீட்டுக்கு வந்துடுது பாத்தியா? நானும் அப்படித்தான்" என்று பொடிச்சி சிரிப்பாள். பிறகு அடுத்த சந்தேகம் வந்துவிடும். "எண்பது வரைக்கும் ஒழுங்காத்தானே போகுது, இந்தத் தொண்ணூறு மட்டும் எதுக்குக்கா நூறோட பேரை ஒட்ட வச்சுக்கிட்டுத் திரியுது?"

"பெரிய ஆளாகணும்னு ஆசையா இருக்கும்."

"பத்துக் குறையுதேன்னு யாரும் கேக்கலையா?"

"யாருடி கேக்கப் போறா!"

எண்ணாயிக்கு நாள் முழுவதும் இந்த நேரத்தின் மேல்தான் கண். ஆனால் ஒவ்வொருவராக எண்ணி முடிப்பதற்குள் பொழுது போய்விடும், வரிசையின் கடைசியில் நிற்கும் பொடிச்சி தூங்கி விழுவாள். சீக்கிரம் எண்ண ஒரு வழி வேண்டுமே என்று எண்ணாயி மண்டையை உடைத்துக்கொண்டாள். முதலில் கால்களை எண்ணி ஆறால் வகுத்துப் பார்த்தாள். கால் ஒன்றைப் பறிகொடுத்த ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள், கணக்கும் நொண்டிப் போயிற்று. அடுத்துதான் அந்தக் குறுக்கு வழி தோன்றியது. பத்துப் பத்துப் பேராக உள்ளே வர வேண்டியது. பத்துப் பேருக்கு ஒரு மணல் எடுத்து வைக்க வேண்டியது. முந்நூறு மணல் சேர்ந்தால் மூவாயிரம் பேர், வேலை முடிந்தது.

மண்டையன் மெதுவாகக் கேட்டான். "போறவங்க மூவாயிரத்து ஒண்ணாச்சே தாயி?"

"அந்த ஒண்ணைத் தள்ளுங்கண்ணே. தொண்ணூறே நூறோட பேரை வச்சுக்கிட்டுக் கூசாமத் திரியுது. நான் ஒண்ணைத் தள்ளினா உலகம் கவிழ்ந்துடுமா?"

"அந்த ஒண்ணு?"

"பின்னாலயே வந்துடும்."

வரவும் வந்தது. தினமும் முந்நூறாவது மணலுக்குப் பின்னால், இதழைத் தூக்கிக்கொண்டு பொடிச்சி ஓடி வருவாள். தள்ளிவிட்ட அந்த ஒன்று யார் என்று எண்ணாயி ஒருநாள்கூட யோசிக்கவில்லை. கணக்கு அவ்வளவு சுளுவாக இருந்தது, பாவி மகளுக்கு.

ஒரு கோடைச் சாயங்காலம் வானம் கறுத்தது. காற்று மண்ணை வாரி இறைத்தது. எறும்புகள் பத்துப் பத்தாக முட்டி மோதி உள்ளே புகுந்தன. எண்ணாயி மணலைப் பார்த்தாள். முந்நூறு. முதல் துளி பக்கத்தில் வந்து விழுந்தது.

"எல்லாரும் வந்தாச்சா? அடைக்கவா?" என்றான் மண்டையன்.

"வந்தாச்சு, அடைங்கண்ணே."

அவன் தலையைக் கொடுத்தான். எண்ணாயி உற்சாகமாக உள்ளே போனாள். அன்றைக்கு ஒன்பதைத் தொண்ணூற்றொன்பதால் பெருக்கச் சொல்லி பொடிச்சியைத் திணற அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள். பொடிச்சியின் இடம் காலியாகக் கிடந்தது.

எண்ணாயிக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலுக்கு ஓடினாள்.

"திறங்கண்ணே! என் தங்கச்சி வெளியில இருக்கா!"

மண்டையன் அசையவில்லை. "வாசல்ல வெள்ளம் ஓடுது தாயி. தலையை எடுத்தா மூவாயிரம் பேரும் போயிடுவோம்." பிறகு அவனே சொன்னான். "அடைச்ச கொஞ்ச நேரத்துல என் நெத்தியில யாரோ தட்டுற மாதிரி இருந்துச்சு. மழைன்னு நினைச்சுட்டேன்."

எண்ணாயி அவன் காலடியிலேயே விழுந்து அழுதாள். மூன்று நாள் மழை. மூன்று நாளும் அவள் தண்ணீர்கூடத் தொடவில்லை.

நான்காம் நாள் வாசல் திறந்தது. படியில் ஈரமண்ணில் ஓர் இலுப்பை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. பொடிச்சி இல்லை. அவள் கால் வாசனை கொஞ்சமாவது இருக்குமா என்று எண்ணாயி தோப்பு முழுவதும் தேடினாள். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. செத்துப்போனாளா, வேறெங்காவது கரை ஒதுங்கினாளா, யாருக்குத் தெரியும்? ஒன்பது வீட்டுக்கு வராமல் போகுமா என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படியில் கிடந்த இதழைப் பாதியாக நறுக்கினாள். ஒரு பாதியைப் பொடிச்சியின் இடத்தில் வைத்துவிட்டு வழியில் போய் நின்றாள். எறும்புக்குக் கண் பார்வை மட்டம். அதனால் எதிரே வந்த முதல் எறும்பை நிறுத்தி, தன் மீசையால் அதன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நீயா?"

"நான் இல்லைம்மா."

அடுத்தவளை நிறுத்தினாள். அதற்கடுத்தவளையும் நிறுத்தினாள். பத்தாவது முகத்துக்கு மணல் எடுத்து வைக்கவில்லை. வரிசை தேங்கியது. முதலில் முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி சொன்னாள். "நீ ஒருத்தி எத்தனை முகத்தைத்தான் பாப்பே? எங்களுக்கு எதிர்ல வர்றவங்களை நாங்க பாக்கறோம், போ."

அன்று சாயங்காலம் மண்டையன் கேட்டான். "இன்னிக்கு எத்தனை மணல் தாயி?"

"மணல் வேணாம்ண்ணே. இன்னும் ஒருத்தி வரணும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

எண்ணாயி போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அவள் தங்கை இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அன்று முதல்தான் எறும்புகள், போகிற அவசரம் எவ்வளவு இருந்தாலும், எதிரே வருகிற ஒவ்வொரு எறும்பையும் ஒரு நொடி நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்துத் தடவி, "நீயா?" என்று கேட்டுவிட்டே நகர்கின்றன.